தீயணைப்புக் கருவிகளைச் சோதிக்க வருபவர் யார்?

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாமாண்டு

நாம் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகள் யாவும் தம் பழுதைத் தாமே அறிவித்துவிடும். மின்விசிறி சுழலாவிட்டால் அறையில் இருப்பவருக்கு வியர்க்கும். குழாயில் நீர் வராவிட்டால் குடம் காலியாக நிற்கும். ஆனால் பெரிய கடைகளிலும், திரையரங்குகளிலும், மருத்துவமனைகளிலும் சுவரோரம் தொங்கும் சிவப்பு உருளைகளும், மாடிப்படியை ஒட்டி மேலேறிச் செல்லும் சிவப்புக் குழாய்களும் அத்தகையவை அல்ல. பத்தாண்டுகள் பழுதாகவே கிடந்தாலும் அவை பார்வைக்கு அழகாக இருக்கும். அவை வேலை செய்யுமா செய்யாதா என்பது தீப்பிடிக்கும் நாளன்றுதான் தெரியும். அன்று தெரிந்து யாருக்கும் பயனில்லை.

ஆகவே அக்கருவிகளைப் பொறுத்தவரை சோதனை ஒன்றே நமக்குள்ள சாட்சி. அந்தச் சோதனையைச் செய்பவர் திறமையும் நேர்மையும் உள்ளவராக இருந்தால் அக்கட்டிடத்தில் உள்ளோர் பாதுகாப்பாக உள்ளனர். அவர் ஓர் அட்டையை ஒட்டிக் கையொப்பமிட்டுச் செல்பவராக இருந்தால், கருவியே இல்லாத கட்டிடத்தைவிட அது ஆபத்தானது. ஏனெனில் கருவி இல்லாத இடத்தில் மனிதன் எச்சரிக்கையாகவாவது இருப்பான். இச்சோதனையாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பனவற்றை நான் படித்தறிந்த அளவிலும் கண்டறிந்த அளவிலும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தீயும் அதை அணைக்கும் விஞ்ஞானமும்

தீ எரிவதற்கு எரிபொருள், பிராணவாயு, உஷ்ணம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். இவற்றுடன் நான்காவதாக, எரிதலைத் தொடர்ந்து நடத்திச் செல்லும் இரசாயனத் தொடர்வினையையும் சேர்ப்பர். இந்நான்கில் ஏதேனும் ஒன்றை அறுத்துவிட்டால் தீ அணையும். தீயணைக்கும் வழிகள் யாவும் இதற்குள் அடங்கும்.

நீர் உஷ்ணத்தை அறுக்கிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 294 கிலோஜூல் வெப்பம் போதும். அதே நீரை ஆவியாக்கவோ சுமார் 2260 கிலோஜூல் வேண்டும். இவ்வளவு வெப்பத்தையும் நீர் தீயிடமிருந்தே பிடுங்கிக் கொள்கிறது. அத்துடன் ஆவியான நீர் தன் பருமனைப்போல் 1600 மடங்குக்கு மேல் விரிந்து, தீயைச் சூழ்ந்துள்ள பிராணவாயுவையும் விலக்குகிறது. நம் பரிசோதனைச் சாலையில் உள்ளுறை வெப்பம் என்று கணக்கிடுகிறோமே, அதுதான் தீயணைப்பு வீரரின் முதல் ஆயுதம்.

கரியமிலவாயு பிராணவாயுவை விலக்குகிறது. ஏ.பி.சி. தூள் எனப்படும் உலர்தூளில் உள்ள மோனோ அமோனியம் பாஸ்பேட் தொடர்வினையை முறிக்கிறது. சமையல் எண்ணெய்த் தீக்கு நீரை ஊற்றினால் நீர் அடியில் சென்று கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயை எங்கும் வாரியிறைக்கும். அதற்கெனத் தனியாக உள்ள ஈர இரசாயனம், சூடான எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்பாக மாற்றி மூடிவிடுகிறது. மின்சாரம் ஓடும் இடத்தில் நீர் உதவாது என்பதை யாவரும் அறிவோம். எந்த இடத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்ப்பதே சோதனையாளரின் முதல் வேலையாகும். சமையலறையில் நீர் உருளையும், துணிக் கிடங்கில் கரியமிலவாயு உருளையும் மட்டும் தொங்கினால், இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை.

உருளைகளுக்கு அப்பால் பெரிய கட்டிடங்களில் ஹைட்ராண்ட் குழாய்களும், கூரையில் ஸ்பிரிங்க்ளர் எனப்படும் நீர்த் தெளிப்பான்களும் உள்ளன. தெளிப்பானைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. தீப்பிடித்ததும் கட்டிடம் முழுவதும் ஒரே நேரத்தில் மழை பொழியும் என்று திரைப்படங்கள் காட்டுகின்றன. உண்மை வேறு. ஒவ்வொரு தெளிப்பானின் வாயையும் சிறிய கண்ணாடிக் குமிழ் ஒன்று அடைத்து நிற்கிறது. அதனுள் ஒரு திரவமும் சிறிது காற்றும் உண்டு. வெப்பம் ஏற ஏறத் திரவம் விரிந்து காற்றிடத்தை நிரப்பிக் குமிழை உடைத்துவிடும். உடைந்த தெளிப்பானிலிருந்து மட்டுமே நீர் பாயும். குமிழின் நிறம் அது உடையும் வெப்பநிலையைக் காட்டும். ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93 டிகிரி செல்சியஸ். 1874இல் அமெரிக்காவில் ஹென்றி பார்மெலீ என்பவர் தம் பியானோ தொழிற்சாலையைக் காக்க அமைத்த தெளிப்பானிலிருந்து இக்கருவி வளர்ந்து வந்தது. இதில் மின்சாரமும் இல்லை, மனிதனும் இல்லை. ஆனால் குழாயில் நீரும் அழுத்தமும் இருந்தாக வேண்டும்.

நடந்தவை

1997 ஜூன் 13ஆம் நாள் தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். கீழே மின்மாற்றியில் எழுந்த தீயின் புகை மேலேறியது. மாடியில் இருந்தோர் வெளியேற வழியின்றி மூச்சுத் திணறினர். 2011 டிசம்பர் 9ஆம் நாள் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் சேமித்து வைத்திருந்த பொருள்கள் எரிந்து எழுந்த புகையினால் ஏறத்தாழ 90 பேர், பெரும்பாலும் படுக்கையிலிருந்த நோயாளிகள், உயிரிழந்தனர். 2017 மே 31ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக் கட்டிடம் ஒன்று ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2024 மே 25ஆம் நாள் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கில் 27 பேர் மாண்டனர். அவ்வரங்கு தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே நடந்து வந்தது பின்னர் வெளிப்பட்டது.

இவற்றுள் எதிலும் மக்கள் புதுமையான ஆபத்து ஒன்றால் இறக்கவில்லை. அடைத்த வழி, கண்ட இடத்தில் சேர்த்த சரக்கு, காகிதத்தில் இல்லாத அனுமதி ஆகியவைதாம் காரணங்கள். ஒரு நல்ல சோதனையாளர் அரை நாளில் கண்டு எழுதிவிடக் கூடியவை அவை.

யார் யார் சோதிப்பர்?

இங்கே பலர் ஒருவரோடொருவரைக் குழப்பிக் கொள்கின்றனர். முதலாமவர் தீயணைப்புத் துறை அதிகாரி. தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டுத் தீயணைப்புப் பணிகள் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. அவர் கட்டிடத்தைப் பார்வையிட்டு விதிப்படி உள்ளதா என்று பார்ப்பார். ஆனால் ஒவ்வொரு கடையின் பம்பையும் மாதந்தோறும் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலையன்று. அது கட்டிட உரிமையாளரின் கடமை.

இரண்டாமவர் கருவிகளை விற்று, ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரிப்பவர். மூன்றாமவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர். நான்காமவர் எதையும் விற்காமல், சோதித்து அறிக்கை தருவதையே தொழிலாகக் கொண்டவர். இவரைத்தான் உரிமையாளர் தேடிப் பிடிக்க வேண்டும். மகாராஷ்டிர மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு இருமுறை, அதாவது ஜனவரியிலும் ஜூலையிலும், கருவிகள் நன்னிலையில் உள்ளன என்ற சான்றினைக் கட்டிட உரிமையாளர் பெற்றுத் தர வேண்டும். சட்டம் எவ்வாறிருப்பினும், சான்றிதழில் கையொப்பமிடுபவரைத் தேர்ந்தெடுப்பது உரிமையாளர்தாம். கூலி கொடுப்பவரும் அவரே. குறை சொன்னால் அடுத்த ஆண்டு கூப்பிடமாட்டாரே என்ற அச்சம் சோதிப்பவருக்கு இருக்கும். இதுதான் இவ்விஷயத்தின் முடிச்சு.

மூன்று கொட்டேஷன்கள்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊருக்கு அருகேயுள்ள நகரத்தில் நான்கு மாடி ஜவுளிக் கடை ஒன்றில் கணக்குப் பிரிவில் உதவியாளாக இருந்தேன். என் அக்கா அதே கடையின் மூன்றாவது மாடியில் சேலைப் பிரிவில் நான்காண்டுகளாக வேலை செய்கிறாள். பத்தாம் வகுப்போடு அவள் நின்று வேலைக்குப் போனதனால்தான் நான் கல்லூரிக்கு வர முடிந்தது. அந்த மாடியில் அவளைப்போல் நாற்பது பெண்கள். பகல் உணவு அவர்களுக்கு அதற்கும் மேல் மொட்டைமாடிக் கொட்டகையில்.

மேலாளர் அண்ணாச்சி ஒருநாள் என்னை அழைத்து மூன்று கொட்டேஷன்களை நீட்டினார். "தம்பி, நீ காலேஜ்ல படிக்கிறவன். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. எது தோதுன்னு பாத்துச் சொல்லு. நமக்கு வேண்டியது சர்டிபிகேட்தான்" என்றார்.

முதலாவது ஒரே பக்கம். உருளை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை. சான்றிதழ் அன்றே கையில் கிடைக்கும். பம்ப், குழாய், தெளிப்பான் என்ற சொற்களே அதில் இல்லை. இரண்டாவதில் அவை இருந்தன. ஆனால் "பார்வையிடல்" என்று மட்டும் குறித்திருந்தது. மூன்றாவது நான்கு பக்கம். எந்தெந்தப் பம்பை எவ்வளவு நேரம் ஓட்டுவோம், எந்த மாடியில் நீர் விட்டு அழுத்தம் அளப்போம், எந்த இந்தியத் தர எண்ணின்படி ஒவ்வொன்றையும் பார்ப்போம், அறிக்கையில் என்னென்ன படங்கள் இருக்கும் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதலாமவர் கேட்ட தொகை மூன்றாமவர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு.

மூவரிடமும் தொலைபேசியில் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்டேன். நேரில் வந்து சோதிப்பவர் யார், அவர் எங்குப் பயிற்சி பெற்றார்? இத்தகைய கட்டிடங்களைச் சோதித்த பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்ட இயலுமா? உங்கள் அழுத்தமானியும் தராசும் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன? நீங்களே உருளைகளை நிரப்பித் தருவீர்களா, அல்லது வேறொருவரா? குறை இருந்தால் சான்றிதழ் தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வந்த விடைகளே எனக்குப் போதுமானவையாக இருந்தன. முதலாமவர், "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். மூன்றாமவர், "குறையைச் சரிசெய்து மறுபடி சோதித்த பிறகுதான்" என்றார். உருளைகளை நிரப்பும் தொழில் தமக்கில்லை என்றும் சொன்னார். தானே நிரப்பி, தானே சோதிப்பவர் இரண்டு வகையில் தவறக்கூடும். நல்ல உருளையையும் காலி என்று சொல்லி விற்பார். தாம் அரைகுறையாக நிரப்பியதை நிறைவு என்றும் சொல்வார்.

மூன்றாமவரைச் சொன்னபோது அண்ணாச்சி உடனே ஒப்பவில்லை. மூன்று மடங்கு செலவாயிற்றே! நான் உயிர், பாதுகாப்பு என்று பேசவில்லை. "அண்ணாச்சி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் சர்வேயர் பம்ப் ஓட்டின பதிவேட்டைக் கேப்பார். அந்த ஒரு பக்கச் சர்டிபிகேட்ல பம்புன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றேன். அவர் சற்று நேரம் அக்காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, அவரையே வரச் சொல்லு" என்றார்.

சோதனை நாள்

வந்தவர் முதலில் உருளைகளைத் தொடவே இல்லை. நேரே பம்ப் அறைக்குச் சென்றார். சம்பில் நீர் எவ்வளவு உள்ளது, அந்நீர் வேறு உபயோகத்திற்கும் எடுக்கப்படுகிறதா, பம்பிற்கு நீர் வரும் வால்வு முழுதும் திறந்துள்ளதா என்று பார்த்தார். பம்ப் அறையில் மூன்று பம்புகள் உண்டு. குழாயில் சிறு கசிவு ஏற்பட்டு அழுத்தம் குறைந்தால் அதை ஈடுசெய்வது ஜாக்கி பம்ப். ஹைட்ராண்டையோ தெளிப்பானையோ திறந்து அழுத்தம் மேலும் சரிந்தால் பெரிய மின்பம்ப் தானே ஓடத் தொடங்கும். மின்சாரம் இல்லையேல் டீசல் பம்ப் தொடங்க வேண்டும். தீ விபத்தில் முதலில் துண்டிக்கப்படுவது மின்சாரம் என்பதை நினைவிற் கொண்டால் டீசல் பம்பின் அருமை விளங்கும். வாரம் ஒருமுறை அதை அரைமணி நேரம் ஓட்ட வேண்டும் என்று அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி கூறுகிறது. அந்த டீசல் பம்பின் பொத்தானை அவர் அழுத்தியபோது ஒரு சிறு ஓசை மட்டும் எழுந்து அடங்கியது. பேட்டரி செத்துப்போயிருந்தது.

அடுத்தது மொட்டைமாடி. இங்குதான் நம் இயற்பியல் வருகிறது. பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. பம்பிலிருந்து மொட்டைமாடி 15 மீட்டர் உயரமெனில், ஏறுவதிலேயே 1.5 கிலோ அழுத்தம் போய்விடும். மிக உயரமும் தொலைவுமான ஹைட்ராண்டில் 3.5 கிலோ அழுத்தமாவது கிடைக்க வேண்டும் என்பது தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் கணக்கு. ஆகவே கீழே குறைந்தது 5 கிலோ வேண்டும். குழாயின் உராய்வினால் ஏற்படும் இழப்பு இதற்கு மேல். கீழே பம்ப் அறையில் முள் அசைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர் இதை அறிய முடியாது. இவர் மேலே குழாயைத் திறந்து நீர் பீய்ச்சும்போதே அளந்தார். 2.2 கிலோதான் இருந்தது. காரணத்தை ஒவ்வொரு மாடியாகத் தேடி, இரண்டாவது மாடியில் ஒரு வால்வு பாதி மூடியிருந்ததைக் கண்டார். எப்போதோ ஒரு கசிவைச் சரிசெய்ய வந்த பிளம்பர் மூடியிருக்கலாம். திறந்தபின் அழுத்தம் 3.6 ஆயிற்று. ஒரு கைப்பிடியைத் திருப்பியதில் வந்த வேறுபாடு இது. அவர் வராவிட்டால் எத்தனை ஆண்டு அது அப்படியே இருந்திருக்குமோ!

பிறகு தெளிப்பான்களைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்தவர் மூன்று தெளிப்பான்களுக்கும் சேர்த்து வர்ணம் பூசியிருந்தார். வர்ணம் பூசிய குமிழ் உரிய வெப்பத்தில் உடையாது, சுரண்டிச் சுத்தம் செய்வதும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கிடங்கில் துணிக்கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தெளிப்பானுக்குக் கீழே அரை மீட்டராவது வெற்றிடம் இருந்தால்தான் நீர் குடைபோல் விரியும். இல்லையேல் மேல்கட்டு மட்டும் நனையும், அடியில் தீ எரியும்.

உருளைகளைக் கடைசியாகச் சோதித்தார். தூள் உருளைகளில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் உள்ளதா என்று பார்த்தால் மட்டும் போதாது. தூள் ஈரத்தில் கட்டிப்பட்டிருக்கலாம். கரியமிலவாயு உருளையிலோ அழுத்தமானியே கிடையாது. அது திரவமாக உள்ளே இருப்பதால், திரவம் தீரும்வரை அழுத்தம் ஏறக்குறைய மாறாது. எனவே எடை போட்டுத்தான் அறிய முடியும். இவர் கையோடு தராசு கொண்டு வந்திருந்தார். தராசு இல்லாமல் வந்து கரியமிலவாயு உருளைக்குச் சான்று எழுதுபவரை நம்ப வேண்டாம் என்பது நான் கற்ற எளிய விதி.

கணினி அறைகளில் வாயு நிரப்பும் அமைப்பு இருந்தால் மேலும் எச்சரிக்கை தேவை. அறை முழுவதையும் கரியமிலவாயுவால் நிரப்பித் தீயணைக்க, காற்றில் அது 30 சதவீதத்திற்கு மேல் இருக்க வேண்டும். மனிதனுக்கோ 10 சதவீதமே சில நிமிடங்களில் நினைவிழக்கச் செய்துவிடும். ஆகவே வாயு திறக்கும் பொறியைப் பூட்டி, ஆட்களை வெளியேற்றிய பின்னரே சோதிக்க வேண்டும். பழைய கட்டிடங்களில் ஹாலான் வாயு இருந்ததுண்டு. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியாக அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. உருளைக்குள் இருப்பது எந்த வாயு என்று அறியாதவர் அதில் கைவைக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து மூன்றாவது மாடிக்கு வந்தபோது, அவர் திடீரென்று என் அக்காவைப் பார்த்து, "ஏம்மா, உன் பின்னால தொங்குதே, அதை எப்படி எடுத்து அடிப்ப?" என்று கேட்டார். அக்கா விழித்தாள். நான்காண்டுகள் அதன் அருகிலேயே நின்று சேலை மடித்தவள்; அதன் மேல் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவர் நாற்பது பேரையும் கூட்டி வைத்துக் காட்டினார். ஊசியை இழு, குழலைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டு, சுவாலைக்கு அன்று, பிடியை அழுத்து, இருபுறமும் வீசு, வழி உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு பழைய உருளையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஐந்து பெண்களை அடிக்கச் சொன்னார். அக்கா மூன்றாவதாக அடித்தாள். கொட்டேஷனில் இது இல்லை. அறிக்கையில் மட்டும் "ஊழியருக்குப் பயிற்சி இல்லை" என்பது முதற் குறையாக எழுதப்பட்டது.

அறிக்கைக்குப் பிறகு

நல்ல அறிக்கை என்பது "யாவும் சரி" என்ற ஒரு வரியன்று. எந்த இடம், என்ன குறை, எவ்வளவு அவசரம், யார் எந்நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அளந்த எண்கள் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அளப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும். அந்த அறிக்கையில் ஒன்பது குறைகள் இருந்தன. பேட்டரி அன்றே மாற்றப்பட்டது. தெளிப்பான்கள் இரு வாரத்தில் மாறின. உருளைகளில் தமிழில் எழுதி ஒட்டப்பட்டது. அவர் மறுபடி வந்து பார்த்த பின்னரே சான்றிதழ் கொடுத்தார்.

எல்லாம் நிறைவேறியது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் தீபாவளிக்கு இரு வாரம் இருக்கும்போது அக்கா தொலைபேசியில், "தம்பி, பின்பக்க மாடிப்படியில மறுபடியும் பெட்டி அடுக்கிட்டாங்கடா. கேட்டா, சீசன் முடியட்டும்ங்கிறாங்க" என்றாள். கடையில் கூட்டம் மிகுந்த நாட்களில்தான் அந்தப் படி மிகவும் தேவை. அந்த நாட்களில்தான் அது அடைபடுகிறது. அக்காவும் இன்னும் இரு பெண்களும் அண்ணாச்சியிடம் அறிக்கையின் நகலைக் கொண்டுபோய், ஏழாவது குறையைக் காட்டியிருக்கிறார்கள். பெட்டிகள் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டன. முழுவதும் அகற்றப்படவில்லை. பாதிப் படியாவது கிடைத்தது என்கிறாள் அக்கா.

இதிலிருந்து நான் அறிந்தது இதுவே. சோதனையாளர் ஆண்டில் ஓரிரு நாள் வருகிறார். மற்ற நாட்களில் அக்கட்டிடத்தைச் சோதிக்க வேண்டியவர்கள் அதனுள் வேலை செய்வோர். ஆகவே அறிக்கை முதலாளியின் மேசை இழுப்பறையில் உறங்கக் கூடாது. அது தமிழில், எல்லோரும் காணும் இடத்தில் தொங்க வேண்டும். நல்ல சோதனையாளர் என்பவர் குறைகளைக் கண்டு எழுதுபவர் மட்டுமல்லர். தாம் போன பிறகு அக்குறைகளைக் கண்டுகொள்ள அங்குள்ளோருக்குக் கண் திறந்துவிட்டுச் செல்பவர்.

நாம் செய்யத்தக்கவை

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் நடைபெறுகிறது. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றி வந்த கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கச் சென்று உயிர் நீத்த வீரர்களின் நினைவாக அவ்வாரம் அமைந்தது. தீயணைப்புப் பொறியியலைக் கற்பிக்க நாகபுரியில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி உள்ளது. வெப்பவியலும் நீரியலும் படிக்கும் நம்மில் சிலரேனும் இத்துறைக்குச் செல்லலாம். ஆசிரியர் பணி, வங்கிப் பணி என்று தேடும்போது இதையும் நினைத்துப் பார்க்கலாம். அளக்கத் தெரிந்தவரும், அளந்ததை அஞ்சாமல் எழுதுபவரும் நாட்டுக்கு நிறையத் தேவைப்படுகின்றனர்.

அதற்கு முன்னர், நண்பர்களே, ஒரு சிறு வேலை. நாளை வேதியியல் பரிசோதனைச் சாலைக்கோ, விடுதிச் சமையற்கூடத்திற்கோ, நூலகத்திற்கோ செல்லும்போது அங்குள்ள சிவப்பு உருளையின் அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். அட்டையில் கடைசியாகச் சோதித்த நாளைப் பாருங்கள். முள் எங்கு நிற்கிறது, ஊசியும் முத்திரையும் உள்ளனவா, குழல் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். குறை கண்டால் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆசிரியப் பெருமக்கள் நம் கட்டிடங்களைச் சோதிக்க யாரேனும் வரும்போது, இயற்பியல் மாணவர் இருவரை அவருடன் மொட்டைமாடிவரை அனுப்பி வைக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அழுத்தம் அளப்பதற்கு அதைவிட நல்ல செய்முறைப் பாடம் வேறு இல்லை.